வீட்டிலேயே போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் செய்யலாமா? வேலூர்ப் பக்கம் அடிக்கடி வரும் கேள்விகள்

கார் ஷெட்டில் ஒரு மேசை, ஒரு வைஸ், நாலு சாவிகள். அமெரிக்கக்காரர் ஒருவர் அரை மணி நேரத்தில், போல்ட் எனும் பூட்டைக் கையால் இழுத்து மூடித் தோட்டா ஏற்றும் ரைஃபிளைப் பூட்டி முடித்து, மறுநாள் போய்ச் சுட்டும் காட்டுகிறார். இந்த மாதிரி வீடியோவைப் பார்த்துவிட்டுத்தான் பலரும் கேள்வியோடு வருகிறார்கள். ஏர் ரைஃபிளுக்குக் கட்டை (தோளில் அணைத்துப் பிடிக்கும் மரப் பகுதி) இழைப்பது என் பொழுதுபோக்கு என்பதால் என்னிடம் வருகிறார்கள். திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றுக்கு இங்கே பதில்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். வீட்டில் செய்யலாமா, கூடாதா?

கூடாது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, துப்பாக்கி தயாரிக்க, விற்க, மாற்றியமைக்க, பழுது பார்க்க, சோதித்துப் பார்க்க எல்லாவற்றுக்கும் தனி உரிமம் வேண்டும் என்கிறது. உரிமமில்லாமல் தயாரித்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு தண்டனை குறைந்தது 7 ஆண்டு. ஆயுள் வரை போகலாம். "சொந்த உபயோகத்துக்குத்தானே, விற்கவா போகிறேன்?" என்ற வாதம் இங்கே எடுபடாது.

"முதலில் செய்துவிடுகிறேன், அப்புறம் லைசென்ஸ் எடுத்துக்கொள்கிறேன்" என்றும் சிலர் சொல்கிறார்கள். துப்பாக்கி வைத்துக்கொள்ளும் உரிமம், உரிமம் பெற்ற தொழிற்சாலையிலிருந்தோ, கடையிலிருந்தோ, இன்னொரு உரிமதாரரிடமிருந்தோ முறையாக வாங்குவதற்குத்தான். வீட்டில் செய்ததை உரிமப் புத்தகத்தில் ஏற்ற வழியே கிடையாது.

அமெரிக்காவில் மட்டும் எப்படி முடிகிறது?

அங்கே 1968-இல் வந்த துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், விற்பனைக்காகத் தயாரிப்பவருக்குத்தான் உரிமம் கேட்கிறது. ஆயுதம் வைத்திருக்கத் தடை இல்லாத ஒருவர் தனக்கென்று ஒரு சாதாரண ரைஃபிள் செய்துகொள்வதை மத்தியச் சட்டம் தடுக்கவில்லை. மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும், அது வேறு கதை. அந்த வீடியோவில் வருபவர் தன் ஊர்ச் சட்டத்துக்குள்தான் இருக்கிறார். அவருடைய சட்டம் காட்பாடிக்குச் செல்லாது.

நம் சட்டத்தின் வேர் வெள்ளைக்காரன் காலத்தது. லிட்டன் வைஸ்ராயாக இருந்தபோது 1878-இல் வந்த ஆயுதச் சட்டம், இந்தியனுக்கு உரிமம் கட்டாயம், ஐரோப்பியனுக்கு விலக்கு என்று வைத்தது. 1806-இல் வேலூர்க் கோட்டைக்குள் சிப்பாய்கள் துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்த ஊர்க்காரர்களுக்கு வெள்ளைக்காரனின் அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று விளக்க வேண்டியதில்லை. சுதந்திரத்துக்குப் பிறகு 1959-இல் புதுச் சட்டம் வந்தது, 1962 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆளுக்கு ஆள் பாகுபாடு போனது. உரிமம் என்ற அடிப்படை அப்படியே நின்றது.

'கஸ்டம் ரைஃபிள்' என்று அவர்கள் உண்மையில் என்னதான் செய்கிறார்கள்?

பெரும்பாலும் கோக்கிறார்கள். நான்கு பெரிய பாகங்கள்: ஆக்‌ஷன் (போல்ட்டும் அது ஓடும் உடலும்), பேரல் (குழாய்), ட்ரிகர், கட்டை. 1962-இல் வந்த ரெமிங்டன் 700 போன்ற ஒரு ஆக்‌ஷனை அடித்தளமாக எடுத்துக்கொண்டு மற்றதை மாற்றுவார்கள். பேரலைத் தொழிற்சாலை ஏற்கெனவே உள்ளே சுழல் வரி வெட்டி, தோட்டா அமரும் அறை கடைந்து அனுப்பிவிடும். வீடியோவில் எளிதாகத் தெரிவதற்குக் காரணம், கஷ்டமான வேலையை வேறு யாரோ கோடிக்கணக்கில் போட்ட இயந்திரத்தில் முடித்து அனுப்பியிருப்பதுதான்.

போல்ட்டின் வேலை சின்னது போலத் தெரியும். தோட்டாவை உள்ளே தள்ளும், கைப்பிடியைத் தாழ்த்தினால் பூட்டிக்கொள்ளும், சுட்டபின் காலிக் கூட்டை வெளியே இழுத்துப் போடும். பூட்டிக்கொள்வதில்தான் உயிரே இருக்கிறது. .308 வின்செஸ்டர் தோட்டாவுக்கு அமெரிக்கத் தரம் அனுமதிக்கும் உச்ச அழுத்தம் 62,000 பி.எஸ்.ஐ. உங்கள் கார் டயரில் இருப்பது 30 சொச்சம். அத்தனை அழுத்தத்தையும் பின்பக்கம் தாங்கி நிற்பவை போல்ட்டின் காதுகள், அதாவது பூட்டிக்கொள்ளும் புடைப்புகள். ஜெர்மனியின் 1898 மவுசரில் அந்தக் காதுகள் முன்னால், தோட்டாவுக்கு ஒட்டினாற்போல் இருக்கும். ஆபத்துக்கு உதவ மூன்றாவதாக ஒன்று பின்னாலும் உண்டு. பிரிட்டிஷ் படையின் லீ-என்ஃபீல்டில் பூட்டே பின்னால்தான். அதனால் போல்ட் வேகமாக ஓடும், ஆனால் சுடும்போது ஆக்‌ஷன் இம்மியளவு நெளியும்.

அப்புறம் 'ஹெட்ஸ்பேஸ்'. மூடிய போல்ட்டின் முகத்துக்கும், தோட்டா அறைக்குள் முட்டி நிற்கும் இடத்துக்கும் நடுவே உள்ள தூரம் அது. கூடினால் பித்தளைக் கூடு பின்பக்கம் கிழிந்து, சூடான வாயு சுடுபவர் முகத்துக்கே வரும். குறைந்தால் போல்ட் மூடாது. மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு என்ற கணக்கில் பேச வேண்டிய விஷயம். இதனால்தான் இங்கிலாந்தில் லண்டனிலும் பர்மிங்காமிலும் 'புரூஃப் ஹவுஸ்' வைத்து, வழக்கத்தைவிடக் கூடுதல் அழுத்தமுள்ள தோட்டாவால் சுட்டுப் பார்த்து முத்திரை குத்திய பிறகே துப்பாக்கியை விற்க விடுகிறார்கள். சட்டம் தடுக்காவிட்டாலும், முதல் ரைஃபிளில் இந்த வேலையில் கைவைக்காதீர்கள் என்றுதான் நான் சொல்வேன்.

ராணிப்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். ஒருவர் படம் கொண்டுவந்து குழாய் மட்டும் கடைந்து கேட்கிறார். குழாய்தானே?

குழாய் இல்லை. ஆயுதச் சட்டத்தின் 2-ஆம் பிரிவில் 'ஆயுதம்' என்பதற்குள் ஆயுதத்தின் பாகங்களும், அதைத் தயாரிக்கும் இயந்திரங்களும் வருகின்றன. பேரல் ஒரு பாகம், போல்ட் ஒரு பாகம். பார்ட்டி ஓடிவிட்டால் பட்டறையில் கிடக்கும் பாதி கடைந்த துண்டுக்கும் அந்த லேத்துக்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

சிப்காட் பக்கம் ஜாப் ஒர்க் எடுப்பவர்களுக்கு வரும் படத்தில் பாகத்தின் பெயரே இருக்காது. எண்தான் இருக்கும். கெட்டியான அலாய் ஸ்டீல் கம்பி, நீளவாக்கில் சின்னத் துளை, ஒரு முனையில் மட்டும் படிப்படியாக அகலும் அறை: படம் இப்படி இருந்தால் என்ன உபயோகத்துக்கு என்று கேளுங்கள். எழுத்தில் ஆர்டரும் கம்பெனியின் தயாரிப்பு உரிமமும் கேளுங்கள். அவர் திரும்பி வராவிட்டால் உங்களுக்கு நஷ்டம் ஒரு நாள் கூலி.

பாகங்களை வெளிநாட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வரவழைத்தால்? 3டி பிரிண்டரில் எடுத்தால்?

இறக்குமதிக்கு 10-ஆம் பிரிவின்படி தனி உரிமம் வேண்டும். கஸ்டம்ஸில் பார்சலைத் திறந்தால் பேரல் பேரலாகத்தான் தெரியும். பெயர் பெற்ற போட்டிச் சுடுநர்களுக்கு அரசு இறக்குமதிச் சலுகை தருகிறது, அதுவும் ஆவணங்களோடு. பிளாஸ்டிக்கில் அச்சடித்தாலும் அது தயாரிப்புதான். சைலன்சர் பற்றியும் கேட்கிறார்கள்: சத்தத்தைக் குறைக்கும் துணைக்கருவியையே சட்டம் துப்பாக்கி என்ற சொல்லுக்குள் வைத்திருக்கிறது.

ஜவ்வாது மலையில் காலங்காலமாகச் செய்து வைத்திருக்கிறார்களே?

வைத்திருந்தார்கள், இன்னும் சில வீடுகளில் இருக்கலாம். முன்வாய் வழியாக மருந்தும் குண்டும் கெட்டித்துச் சுடும் நாட்டுத் துப்பாக்கி அது. போல்ட் ஆக்‌ஷனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. போலீசார் அவ்வப்போது மலைக்கிராமங்களில் தண்டோரா போட்டு, தாமாக ஒப்படையுங்கள் என்று கேட்பதும், ஊர்க்காரர்கள் ஊர் எல்லையில் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போவதும் நம் பக்கத்துச் செய்திகள்தான். உரிமமில்லாமல் வைத்திருப்பதற்கே இப்போது 2 முதல் 5 ஆண்டு வரை சிறை. மலையாளிப் பழங்குடி மக்கள் பன்றிக்குப் பயந்து வைத்திருந்ததற்கும், யூடியூப் பார்த்து டவுனில் செய்ய நினைப்பதற்கும் நியாயத்தில் வித்தியாசம் உண்டு என்பது என் எண்ணம். சட்டப் பிரிவில் வித்தியாசம் இல்லை.

பயிர் காக்க உண்மையான தேவை இருந்தால் நேரான வழி இருக்கிறது. 13-ஆம் பிரிவே பயிர்ப் பாதுகாப்புக்கான முன்வாய்த் துப்பாக்கியைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது.

சரி, முறைப்படி ஒரு போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் வாங்க என்ன வழி?

உரிமம் கொடுப்பவர் மாவட்ட ஆட்சியர். 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததால் முதலில் உங்கள் ஆட்சியர் யார் என்று பார்த்துக்கொள்ளுங்கள். வேலூர், காட்பாடி, குடியாத்தம் என்றால் சத்துவாச்சாரி. ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம் என்றால் ராணிப்பேட்டை. ஆம்பூர், வாணியம்பாடி திருப்பத்தூருக்குப் போக வேண்டும். போளூர், ஆரணிக்காரர்கள் திருவண்ணாமலை.

விண்ணப்பதாரருக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும். படிவம் ஏ-1, அடையாளம், முகவரி, மருத்துவச் சான்று, துப்பாக்கியைப் பத்திரமாகப் பூட்டி வைக்க ஏற்பாடு, பாதுகாப்புப் பயிற்சிச் சான்று, எல்லாவற்றுக்கும் மேல் 'ஏன் வேண்டும்' என்பதற்குப் பதில். போலீஸ் விசாரணை அறிக்கை போன பிறகே முடிவு. உயிருக்கு ஆபத்து என்று எழுதினால் அதற்கு ஆதாரம் கேட்பார்கள். விளையாட்டு என்று எழுதினால் ரைஃபிள் கிளப் உறுப்பினர் சான்று கேட்பார்கள். ஆசை என்பது ஒரு காரணமாக அந்தப் படிவத்தில் இல்லை.

கிளப் வழியாகப் போவது நல்லது. அங்கீகாரம் பெற்ற கிளப்பின் உறுப்பினர் இலக்குப் பயிற்சிக்காகக் கேட்கும் .22 ரைஃபிளுக்குச் சட்டத்திலேயே தனி இடம் இருக்கிறது. கிடைத்த உரிமம் 5 ஆண்டு செல்லும். ஒருவர் அதிகபட்சம் 2 துப்பாக்கிதான் வைத்திருக்கலாம். 2019-க்கு முன் 3. தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள், ரசீதைத் தொலைக்காதீர்கள்.

உரிமம் இருந்தால் எந்த ரைஃபிள் கிடைக்கும்?

இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலையின் .315 ஸ்போர்ட்டிங் ரைஃபிள்தான் நம் நாட்டில் எல்லோரும் அறிந்த போல்ட் ஆக்‌ஷன். உள்ளே பார்த்தால் அதே லீ-என்ஃபீல்டு. படை பயன்படுத்திய .303 தோட்டா பொதுமக்கள் கைக்குப் போகக் கூடாது என்று வெள்ளைக்காரன் தடுத்தபோது, படைத் துப்பாக்கிக்குப் பொருந்தாத வேறு ஒரு தோட்டாவுக்கென்று உருவானது இந்த .315. தடை செய்த 'போர்' (குழாய்த் துளையின் அளவு), தடை செய்யாத 'போர்' என்ற பிரிவினை இன்றும் நடக்கிறது. .30-06, .22 ரைஃபிள்களும் அரசுத் தொழிற்சாலைத் தயாரிப்பில் உண்டு. 2021 அக்டோபர் முதல் இந்தத் தொழிற்சாலைகள் ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டன. இஷாப்பூரும் நம் திருச்சியும் ஒரே நிறுவனத்தின் கீழ் வருகின்றன.

தாத்தா வைத்திருந்த ரைஃபிள் பரணில் இருக்கிறது. அதைப் புதுப்பித்துக் கொள்ளலாமா?

முதலில் ஸ்டேஷனிலோ, உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படையுங்கள். உரிமதாரர் இறந்த பிறகு அது வீட்டில் இருக்கும் ஒவ்வொரு நாளும் உங்கள் தலையில்தான் விழும். ஒப்படைத்துவிட்டு வாரிசு என்ற முறையில் விண்ணப்பிக்கலாம். 2016 ஆயுத விதிகளின்படி, உரிமதாரர் உயிரோடு இருக்கும்போதே, அவருக்கு 70 வயது ஆகிவிட்டாலோ, 25 ஆண்டு வைத்திருந்துவிட்டாலோ வாரிசுக்கு மாற்றக் கேட்கலாம். பல குடும்பங்களுக்கு இது தெரிவதில்லை.

உரிமம் உள்ள ரைஃபிளை நான் 'கஸ்டம்' ஆக்கலாமா?

துடைக்கலாம், எண்ணெய் போடலாம். பேரலை வெட்டிக் குட்டையாக்குவதும், ஒரு வகையை இன்னொரு வகையாக மாற்றுவதும் 6-ஆம் பிரிவின்படி குற்றம். ட்ரிகர், பெடிங் (இரும்பைக் கட்டையில் அசையாமல் உட்கார வைப்பது) வேலைகள் எல்லாம் உரிமம் பெற்ற துப்பாக்கி மெக்கானிக்கிடம்.

அப்படியானால் கையால் செய்யும் ஆசைக்கு வழியே இல்லையா?

இருக்கிறது. முகவாய் ஆற்றல் (குண்டு குழாயை விட்டு வெளியேறும்போது உள்ள ஆற்றல்) 20 ஜூலுக்குள், துளை .177 அங்குல அளவுக்குள் உள்ள ஏர் ரைஃபிளுக்கு உரிமம் தேவையில்லை. அடையாளச் சான்று காட்டி, பில்லோடு கடையில் வாங்கலாம். பேரல், அழுத்தம், பூட்டு எல்லாம் தொழிற்சாலை பார்த்துக்கொள்ளும். கட்டையை நீங்கள் செய்யலாம். போல்ட் கைப்பிடியை இழுத்து மூடும் அந்த உணர்வுதான் வேண்டும் என்றால், போல்ட்டும் மேகசினும் வைத்த, முன்கூட்டியே அழுத்தி அடைத்த காற்றால் சுடும் பி.சி.பி. ஏர் ரைஃபிள்கள் இந்தியாவிலேயே தயாராகின்றன.

கட்டை இரண்டாம்பட்ச வேலை என்று நினைக்காதீர்கள். சுடுபவரின் தோள், கன்னம், இரண்டு கைகள் எல்லாம் தொடுவது கட்டையைத்தான். ஒரே பேரல், கட்டையை மாற்றியதும் வேறு மாதிரி சுடும்.

என்ன மரம் எடுக்கலாம்?

வெளிநாட்டில் வால்நட். நமக்கு வாகை. மர வியாபாரத்தில் வாகைக்கே 'கிழக்கிந்திய வால்நட்' என்று பெயர் உண்டு. நிறமும் ரேகையும் அதற்குக் கிட்ட வரும். தேக்கு சுலபமாகக் கிடைக்கும், ஆனால் பிடிக்கு அருகே மெல்லிதாக வரும் இடத்தில் பிளக்கும். சீஷம் அழகு, கனம் அதிகம்.

மரத்தைவிட ரேகை முக்கியம். கட்டையிலேயே பலவீனமான இடம் ட்ரிகருக்குப் பின்னால் உள்ளங்கை பிடிக்கும் 'கழுத்து'. அங்கே ரேகை நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே வெட்டுப்பட்டால் கீழே ஒருமுறை விழுந்தாலே இரண்டாகும். மரக்கடையில் பலகையின் பக்கவாட்டில் தண்ணீர் தடவிப் பாருங்கள், ரேகை துலங்கிவிடும். நன்றாகக் காய்ந்த பழைய மரமாக இருக்கட்டும். இடிக்கும் வீட்டிலிருந்து வரும் உத்தரம் கிடைத்தால் அதிர்ஷ்டம், ஆனால் உள்ளே ஆணி இருக்கும். உளியைத் தொடுமுன் காந்தம் வைத்துத் தேடுங்கள். வேலூர் வெயிலில் ஈரமான மரம் சித்திரைக்குள் சுருங்கி, ஸ்குரூ எல்லாம் லொடலொடக்கும்.

அளவு எப்படி எடுப்பது?

ட்ரிகரிலிருந்து கட்டையின் பின்முனை வரை உள்ள நீளம்தான் முதல் கணக்கு. முழங்கையை மடக்கி, கட்டையின் பின்முனையை முழங்கை மடிப்பில் வைத்தால் ஆள்காட்டி விரலின் முதல் கணு ட்ரிகரில் உட்கார வேண்டும். தொழிற்சாலைக் கட்டைகள் சுமார் 34 சென்டிமீட்டர் இருக்கும். நம்மில் பலருக்கு நீளம். அடுத்தது கன்ன உயரம். கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளில் வைத்து, கன்னத்தைச் சாய்த்து, பிறகு கண்ணைத் திறங்கள். ஸ்கோப் வட்டம் முழுதாகத் தெரிய வேண்டும். கழுத்தை நீட்டித் தேட வேண்டியிருந்தால் கட்டை இன்னும் உங்களுடையதாகவில்லை.

இரும்பு உட்காரும் பள்ளத்தைக் குடையும்போது பொறுமை வேண்டும். இரும்பில் விளக்குக் கரி பூசி மரத்தில் வைத்து எடுத்தால் முட்டும் இடம் கறுப்பாகத் தெரியும். அந்தப் புள்ளியை மட்டும் செதுக்குங்கள். மறுபடி வையுங்கள், மறுபடி எடுங்கள். ஆசாரிமார் கதவு நிலையில் கீல் இறக்கும் அதே வித்தைதான். கடைசியில் உப்புத்தாள், ஈரத்துணியால் துடைத்து எழும் நாரை மீண்டும் தேய்ப்பது, பிறகு காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய், கைவிரலால் மெல்லிய பூச்சு. ஒரு பூச்சு காய்ந்த பிறகே அடுத்தது. எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகத் தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் போடுங்கள்.

ஸ்பிரிங் வகை ஏர் ரைஃபிள் என்றால் ஒரு எச்சரிக்கை. அது சுடும்போது பின்னாலும் உதைக்கும், உடனே முன்னாலும் குதிக்கும். கட்டை ஸ்குரூக்கள் கழன்றுகொண்டே வரும், சாதாரண ரைஃபிள் ஸ்கோப்புகள் உள்ளே உடையும். இறுக்கிப் பிடிக்காமல் உள்ளங்கையில் தளர்வாகக் கிடத்திச் சுட்டால்தான் குறி கூடும்.

ஸ்பிரிங்கை மாற்றிச் சக்தியை ஏற்றலாமா?

வேண்டாம். அரை கிராம் சொச்சம் எடையுள்ள பெல்லட் (ஏர் ரைஃபிள் குண்டு) நொடிக்கு 270 மீட்டரில் போனாலே 19 ஜூலைத் தாண்டிவிடும். வரம்புக்கு மேலே போன அன்று அது உரிமம் தேவைப்படும் ஆயுதம். கையில் இருப்பது உரிமமில்லாத ஆயுதம்.

எங்கே சுடலாம்? பன்றி, குருவி?

எதையும் சுடக் கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை குற்றம், ஏர் ரைஃபிளால் பறவையைச் சுடுவதும் அதில் அடங்கும். பயிரை மேயும் பன்றிக்கு வனத்துறையைக் கூப்பிடுங்கள். மொட்டை மாடியில் சுடாதீர்கள். தவறிய பெல்லட் சில நூறு மீட்டர் போகும். நல்ல உயரமான சுற்றுச்சுவர் உள்ள சொந்த இடம், இலக்குக்குப் பின்னால் மணல் மூட்டை, எல்லோர் கண்ணிலும் கண்ணாடி. கல்லிலும் இரும்பிலும் பட்டால் திரும்பி வரும்.

என் பையனுக்கு ஆர்வம். எதில் தொடங்கலாம்?

10 மீட்டர் ஏர் ரைஃபிளில். இலக்கின் நடுவே உள்ள பத்து மதிப்பெண் புள்ளி அரை மில்லிமீட்டர்தான். 2008-இல் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியது இதில். 2024 பாரிஸில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கிய 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் பயன்படுவது .22 போல்ட் ஆக்‌ஷன். ஆக, நீங்கள் தேடிய அந்த ரைஃபிளுக்கு ஒழுங்கான பாதை இங்கேதான் தொடங்குகிறது. துப்பாக்கி வாங்கிக் கொடுப்பதற்கு முன் கிளப்புக்கு அழைத்துப் போய், அங்கிருக்கும் ரைஃபிளில் சில மாதம் பழக விடுங்கள். வளரும் பையன் என்பதால் இப்போது அளவெடுத்துக் கட்டை செய்தால் அடுத்த வருடம் மறுபடி செய்ய வேண்டிவரும். பின்முனையில் தகடு சேர்த்து நீட்டிக்கொள்ளும்படி வைத்தால் போதும்.